மரங்களை எண்ணாதீர்கள்: இயற்கைவழி மழலையர் பள்ளியின் தரத்தை எப்படிப் பார்ப்பது?

மெல்பர்னில் பிள்ளைக்கு கிண்டர் (மழலையர் பள்ளி) தேடும் பெற்றோர் எவரும் "இயற்கையோடு இணைந்த கற்றல்" என்ற வரியைப் பார்க்காமல் தப்ப முடியாது. பிளாஸ்டிக் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நான்கு மரத்துண்டுகளை உருட்டிவிட்டு, மூலையில் ஒரு புதினாத் தொட்டியை வைத்தால் போதும், விளம்பரத்தில் அந்த வரி ஏறிவிடும். வாரத்தில் ஒரு காலை முழுக்கப் பிள்ளைகளை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய், தூறலிலும் சேற்றிலும் விளையாடவிட்டு, நனைந்த பூட்ஸோடு திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் பள்ளிகளும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர். எதை வைத்து ஒப்பிடுவது என்று தெரியாமல், கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையோ இணையத்தில் படம் அழகாக இருப்பதையோ தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

மழலையர் கல்வித் துறையில் "தரம்" என்றால் என்ன, அதை எப்படி அளக்கிறார்கள், கல்வியியல் படிக்காத நாம் அதில் எதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு மெல்பர்ன் இருக்கும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவில் பார்க்கக்கூடிய தர மதிப்பீடு இருக்கிறது. "புஷ் கிண்டர்" என்ற காட்டுவகுப்பு முறையும் வேர்விட்டிருக்கிறது.

புஷ் கிண்டரின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1950-களில் டென்மார்க்கில் எலா ஃபிளாட்டாவ் என்ற தாய் தன் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் நாள்தோறும் காட்டுக்குக் கூட்டிப்போனதைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் நகரில் 1993-இல் ஒரு காட்டுமழலையர் பள்ளி அரசு அங்கீகாரம் பெற்ற பிறகு அந்த நாட்டில் இது வேகமாகப் பரவியது. மெல்பர்னின் வெஸ்ட்கார்த் கிண்டர்கார்டன் 2011-இல் டேர்பின் பார்க்லாண்ட்ஸ் பகுதியில் வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பைத் தொடங்கியது. பொம்மை, வண்ணப் பென்சில் எதையும் கொண்டுபோகவில்லை. அங்கே கிடைக்கும் குச்சி, கல், மண், தண்ணீர், மரப்பட்டை, இவைதான் விளையாட்டுச் சாமான். பிற பள்ளிகள் அதைப் பார்த்துத் தொடங்கின.

எண்ணக்கூடியது, எண்ண முடியாதது

மழலையர் கல்வி ஆய்வாளர்கள் தரத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். முதலாவது கட்டமைப்புத் தரம்: எண்ணவும் அளக்கவும் சான்றிதழைக் காட்டவும் முடிந்ததெல்லாம் இதில் அடங்கும். விக்டோரியாவில் மூன்று வயதுக்கு மேற்பட்ட, பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் 11 பேருக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும்; மூன்று வயதுக்குக் கீழே நான்கு பேருக்கு ஒருவர். பிள்ளை ஒன்றுக்கு உள்ளே 3.25 சதுர மீட்டர், வெளியே 7 சதுர மீட்டர் இடம் வேண்டும். வெளியிடத்தில் பிள்ளைகள் இயற்கையைத் தொட்டு அறியும்படி இருக்க வேண்டும் என்றே ஒரு தனி விதி இருக்கிறது. நிழலுக்கு இன்னொரு விதி. கிண்டர் வகுப்பை நடத்துபவர் மழலையர் கல்வியில் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும்.

இரண்டாவது நடைமுறைத் தரம். காலை ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே பெரியவருக்கும் பிள்ளைக்கும், பிள்ளைக்கும் பிள்ளைக்கும், பிள்ளைக்கும் அதன் கையில் இருக்கும் பொருளுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதுதான் அது. இதற்குச் சான்றிதழ் கிடையாது.

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவைதான். பதினைந்து பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவரிடம் பொறுமையான உரையாடலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆளும் இடமும் பட்டமும் சரியாக இருந்தும் நாள் முழுக்க "இறங்கு", "வரிசையில் நில்", "அதைக் கீழே போடு" என்ற மூன்று வாக்கியங்களுக்கு மேல் பேச்சே நடக்காத இடங்களும் உண்டு. பதினாறு ஏக்கர் காடு இருந்தாலும் அந்த மூன்று வாக்கியம் மாறாது. இயற்கைவழிப் பள்ளி என்று வரும்போது பெற்றோர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். காடே பாடம் நடத்திவிடும் என்று நினைத்துவிடுகிறோம்.

அரசு தரும் மதிப்பெண்ணை வாசிப்பது

2012 ஜனவரி முதல் ஆஸ்திரேலியா முழுவதற்கும் பொதுவான தேசியத் தர அமைப்பு நடப்பில் இருக்கிறது. 2018-இல் அதைத் திருத்தினார்கள். ஏழு துறைகள், 15 தரநிலைகள், 40 கூறுகள் என்று அது சுருங்கியது. ஏழு துறைகள்: கற்பிக்கும் திட்டமும் முறையும், உடல்நலமும் பாதுகாப்பும், இடச்சூழல், பணியாளர், பிள்ளைகளோடு உறவு, குடும்பத்தோடும் சமூகத்தோடும் கூட்டு, நிர்வாகம். மாநில அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து, ஆவணங்களைப் புரட்டி, பணியாளர்களோடு பேசி ஒவ்வொரு துறைக்கும் மதிப்பீடு தருகிறார்கள். பெற்றோர் பேச்சில் அவை "மீட்டிங்", "எக்ஸீடிங்", "வொர்க்கிங் டுவர்ட்ஸ்" என்று புழங்கும்: தரத்தை எட்டியது, தாண்டியது, இன்னும் எட்டவில்லை. எட்டாததற்கும் கீழே "பெரும் முன்னேற்றம் தேவை" என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, இதை மேற்பார்வையிடும் தேசிய ஆணையம் விண்ணப்பத்தின் பேரில் தரும் "எக்ஸலன்ட்" ஒன்று. பள்ளி இதை வாசலில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தாக வேண்டும். ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ் இணையதளத்திலும் பார்க்கலாம்.

வாசலில் இருக்கும் ஒட்டுமொத்த மதிப்பீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அது கூட்டிக் கழித்து வந்த சராசரி அல்ல. ஏழு துறையில் ஒன்றில் மட்டும் தரத்தை எட்டாவிட்டாலும் மொத்தமும் "வொர்க்கிங் டுவர்ட்ஸ்" ஆகிவிடும். அது நிர்வாகத் துறையில், ஏதோ ஒரு கொள்கை ஆவணம் புதுப்பிக்கப்படாததால் வந்ததாகவும் இருக்கலாம். கண்காணிப்பில் ஓட்டை இருந்ததால் வந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. மறுபுறம், மொத்தத்தில் "எக்ஸீடிங்" வாங்க நான்கு துறைகளில் தாண்டினால் போதும். அந்த நான்கில் குறைந்தது இரண்டு, கற்பித்தல், உறவு, குடும்பக் கூட்டு, நிர்வாகம் ஆகிய நான்கிலிருந்து வர வேண்டும். ஆக, இடச்சூழல் துறையில் வெறும் "மீட்டிங்" வாங்கிய பள்ளிகூட ஒட்டுமொத்தத்தில் "எக்ஸீடிங்" பலகையை மாட்டியிருக்க முடியும். இயற்கைக்காகவே ஒரு பள்ளியைத் தேடுபவர் முதல், மூன்றாம், ஐந்தாம் துறைகளின் மதிப்பீட்டைத் தனித்தனியே பார்க்க வேண்டும். கூடவே தேதியையும். மதிப்பீடு நடந்து சில வருடம் ஆகி, தலைமை ஆசிரியையும் இரண்டு உதவியாளர்களும் மாறிவிட்டிருந்தால், அந்தப் பலகை சொல்வது இப்போது அங்கே இல்லாத மனிதர்களைப் பற்றி.

ஒவ்வொரு பள்ளியும் தர மேம்பாட்டுத் திட்டம் என்று ஓர் ஆவணம் வைத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும், பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கேளுங்கள். அதில் "இயற்கையோடு பிணைப்பை வலுப்படுத்துவோம்" என்று பொதுவாக எழுதியிருந்தால் பெரிதாக எதுவும் தெரியவராது. "குளிர்காலத்தில் பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது, மழை உடுப்பு போதாததே காரணம், இந்தப் பருவத்துக்குள் வாங்குகிறோம்" என்ற வகையில் எழுதியிருந்தால், தங்கள் குறையைத் தாங்களே பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த மாதிரி ஆவணம் வைத்திருக்கும் "மீட்டிங்" பள்ளியை, பளபளப்பான "எக்ஸீடிங்" பள்ளியைவிட நான் அதிகம் நம்புவேன்.

ஒரு மரவட்டையும் மூன்று ஆசிரியைகளும்

மெல்பர்ன் தோட்டங்களில் இலையுதிர்கால மழைக்குப் பிறகு கறுப்பு மரவட்டைகள் கிளம்பும். போர்ச்சுகல் மரவட்டை என்பார்கள், கப்பலில் வந்து பரவிய இனம். தொட்டால் சுருளும், நாற்றமடிக்கும் மஞ்சள் திரவம் விடும். நான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி மரத்துண்டைப் புரட்டி ஒன்றைக் கண்டெடுத்து ஓடி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆசிரியை: "சீ, கீழே போடு. கை கழுவிட்டு வா." இரண்டாமவர்: "ஓ, மில்லிபீட்! இதுக்கு எத்தனை கால் தெரியுமா? ஒவ்வொரு வளையத்துக்கும் ரெண்டு ஜோடி." மூன்றாமவர் குனிந்து பார்க்கிறார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையே பேசுகிறது: "இது தூங்குது." "அப்படியா? தூங்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" "சுருண்டிருக்கே. நானும் சுருண்டுதான் தூங்குவேன்." "இலைமேல வச்சா எழுந்திருக்குமா?" இருவரும் இலைமேல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அது மெல்லப் பிரிந்து நடக்கிறது. "பயந்துபோய்தான் சுருண்டிருக்கு" என்கிறான் ஒருவன். இப்போது அங்கே இரண்டு கருத்து. கடைசியில் எல்லோரும் கை கழுவுகிறார்கள்.

முதலாமவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாமவர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். நம் ஊர்ப் பெற்றோருக்கு அவரைத்தான் மிகவும் பிடிக்கும், பிள்ளை ஏதோ கற்றுக்கொண்டு வருகிறதே! ஆனால் அங்கே யோசித்தது ஆசிரியை மட்டும். மூன்றாவது இடத்தில் யோசனை இரண்டு பக்கமும் போய் வந்தது. இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று, நல்ல பலன் தந்த மழலையர் பள்ளிகளில் அதிகம் காணப்பட்ட பழக்கமாக இதைத்தான் குறிப்பிட்டது: பெரியவரும் பிள்ளையும் ஒரு விஷயத்தை விட்டுவிடாமல் சேர்ந்து யோசிப்பது. அந்த ஆய்வு காட்டுப் பள்ளிகளைப் பற்றியது அல்ல. ஆனால் காடு இதற்குத் தரும் வாய்ப்பு அதிகம். வகுப்பறைப் பொம்மை நேற்றிருந்த மாதிரியே இன்றும் இருக்கும். மரத்துண்டுக்கு அடியில் இன்று என்ன இருக்கும் என்று ஆசிரியைக்கும் தெரியாது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது இந்த மாதிரி ஒரு தருணத்துக்குக் காத்திருங்கள். அரை மணி நேரம் நின்றால் ஒன்றாவது கிடைக்கும். ஆசிரியை எத்தனை கேள்வி கேட்டார் என்பதைவிட, கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். பதில் ஏற்கெனவே தெரிந்த கேள்வியா ("இது என்ன நிறம்?"), பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் பதில் தெரியாத கேள்வியா?

இன்னொன்று பிள்ளையின் முகம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்ரே லாவர்ஸ் உருவாக்கிய ஐந்து படி அளவுகோல் உலகெங்கும் மழலையர் பள்ளிகளில் பயன்படுகிறது. ஒரு பிள்ளையைத் தேர்ந்து இரண்டு நிமிடம் போலப் பார்ப்பார்கள். பிள்ளை எவ்வளவு ஆழ்ந்திருக்கிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பிடுவார்கள். ஒன்று: வெறித்த பார்வை, செய்வதும் இலக்கில்லாதது. மூன்று: ஏதோ செய்கிறது, யாராவது கூப்பிட்டால் உடனே விட்டுவிட்டுப் போகும். ஐந்து: நாக்கின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் யார் கத்தினாலும் காதில் விழாது, விழுந்த குச்சியை மறுபடி மறுபடி நிறுத்தும். முறையாக இதைச் செய்யப் பயிற்சி வேண்டும். ஆனால் நான்கைந்து பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்தால் பெற்றோருக்கும் ஓர் எண்ணம் கிடைக்கும். சத்தமாகச் சிரித்து ஓடும் பிள்ளைகளையே பார்க்காதீர்கள். ஓரமாகத் தனியே நிற்கும் பிள்ளையையும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆங்கிலம் வராத நம் பிள்ளை முதல் மாதங்களில் நிற்கப்போவது அந்த ஓரத்தில்தான்.

இடம் என்ன செய்யும், என்ன செய்யாது

இடமே முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. நார்வேயின் டெலமார்க் பகுதியில் இங்குன் ஃபியார்டாஃப்ட் என்ற ஆய்வாளர், பள்ளிக்குப் பக்கத்துக் காட்டில் நாள்தோறும் விளையாடிய ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை வழக்கமான விளையாட்டுத் திடலில் விளையாடியவர்களோடு ஒப்பிட்டார். ஒன்பது மாதத்தில் காட்டுப் பிள்ளைகளின் சமநிலையும் உடல் ஒருங்கிணைப்பும் கூடுதலாக வளர்ந்திருந்தன. 2001-இல் முடிவு வெளியானது. காரணம் லேசானதுதான். சமதரையில் கால் யோசிக்க வேண்டியதில்லை. வேரும் பள்ளமும் ஈரப்பாறையும் உள்ள இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் கால் யோசிக்கிறது. பின்லாந்தில் 2020-இல் வெளியான ஆய்வில் சரளை பரப்பிய முற்றங்களில் காட்டின் மேல்மண் அடுக்கையும் புல்லையும் கொண்டுவந்து போட்டார்கள். 28 நாளில் அங்கே விளையாடிய மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, நோயெதிர்ப்பைச் சீராக்கும் கூறுகள் இரத்தத்தில் மேம்பட்டன. சிறிய ஆய்வு, 75 பிள்ளைகள்தான். இருந்தாலும் "மண்ணைத் தொட்டால் சீக்கு வரும்" என்று கையைப் பிடித்து இழுக்கும் அப்பம்மாவிடம் காட்டலாம்.

இடத்தைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்பேன். கழற்றி நகர்த்தி அடுக்கக்கூடிய பொருள் எவ்வளவு இருக்கிறது? சைமன் நிக்கல்சன் 1971-இல் முன்வைத்த கருத்து இது: ஓர் இடத்தில் பிள்ளைகள் அசைத்து மாற்றக்கூடியவை எவ்வளவு அதிகமோ, கண்டுபிடிப்பும் அவ்வளவு அதிகம். லட்சக்கணக்கில் செலவழித்துப் பதித்த மரக்கப்பலைவிட ஒரு குவியல் யூகலிப்டஸ் பட்டை நல்லது. கப்பல் கப்பலாக மட்டுமே இருக்கும். அடுத்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்களா? இந்த வாரம் கடற்கரை, அடுத்த வாரம் பூங்கா என்று போவது சுற்றுலா. அதே ஓடையைக் கோடையில் வற்றியும் குளிர்கால ஆகஸ்டில் பொங்கியும் பார்த்த பிள்ளைக்குத்தான் "போன தடவை இங்கே தண்ணி இல்லையே" என்று கேட்கத் தோன்றும். மூன்றாவது நேரம். வெளியே இருபது நிமிடம் விட்டு மணியடித்தால் விளையாட்டு சூடுபிடிக்கும் முன்பே முடிந்துவிடும். மூன்று மணி நேரம் என்று வெஸ்ட்கார்த் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

ஆய்வு முடிவுகளைப் பள்ளிகள் சுவரில் ஒட்டும்போது ஒரு சந்தேகம் இருக்கட்டும். காட்டுப் பள்ளியைத் தேடிப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் படித்தவை, வசதியுள்ளவை. அந்தப் பிள்ளைகள் நன்றாக வருவதில் காட்டின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அதைவிட முக்கியம், நார்வேக் காட்டைப் பற்றிய முடிவு உங்கள் தெருமுனைப் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆபத்தைப் பற்றிக் கேளுங்கள், விரிவாக

நான் போனால் அதிக நேரம் கேட்பது இதைப் பற்றித்தான். ஒரு பள்ளியின் மொத்தத் தரமும் ஆபத்தைப் பற்றி அவர்கள் பேசும் விதத்தில் தெரிந்துவிடும். ஒரு பருக்கையைத் தொட்டுப் பானையைச் சொல்வது போல.

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் 2007-இல் பிள்ளைகள் தாங்களாகவே தேடிப் போகும் துணிச்சல் விளையாட்டுகளை ஆறாக வகைப்படுத்தினார்: உயரம், வேகம், கத்தி போன்ற கருவி, நெருப்பும் நீரும் போன்ற ஆபத்தான பொருள், கட்டிப்புரளும் சண்டை, கண்ணுக்கு மறைந்து போவது. இவை எல்லாவற்றையும் தடுக்கும் பள்ளியும் இயற்கைவழிப் பள்ளி அல்ல, எதையும் யோசிக்காமல் விட்டுவிடும் பள்ளியும் அல்ல. நல்ல பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நன்மையையும் ஆபத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி எடைபோடுகின்றன. மரம் ஏறுவதால் என்ன கிடைக்கிறது, என்ன நேரலாம், எவ்வளவு உயரம் வரை, எந்த மரத்தில், கீழே யார் நிற்பார். பிரிட்டனில் விளையாட்டுத் திடல்களுக்காக உருவான இந்த முறை இப்போது பல நாடுகளில் இருக்கிறது. ஆஸ்திரேலிய விதிப்படி பிள்ளைகளை வளாகத்துக்கு வெளியே கூட்டிப்போகும் முன் எழுத்தில் ஆபத்து மதிப்பீடு வேண்டும், பெற்றோர் அனுமதியும் வேண்டும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் காட்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறதா, இந்தக் காட்டுக்கென்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மெல்பர்ன் ஓடைக்கரை என்றால் ரிவர் ரெட் கம் மரங்கள் இருக்கும். காற்றே இல்லாத வெயில் நாளில்கூடப் பெரிய கிளையை முறித்துப் போடக்கூடிய மரம் அது. எந்த மரத்தடியில் உட்கார வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள்? காலையில் பிள்ளைகள் வரும் முன் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது யார்? எவ்வளவு வேகக் காற்று அடித்தால் போவதில்லை? டைகர் பாம்பும் பழுப்புப் பாம்பும் நகர ஓடைகளிலும் உண்டு. பாம்பு கடித்தால் போடும் அழுத்தக் கட்டு யாருடைய பையில் இருக்கிறது, பாம்பைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டால் சொல்வார்களா? (அசையாமல் நின்று பெரியவரைக் கூப்பிடுவது என்று சொன்னால் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.) ஜாக் ஜம்பர் எறும்பு கொட்டி ஒவ்வாமை முற்றும் பிள்ளைகளும் இருப்பதால், ஒவ்வாமைக்கு முதலுதவி தெரிந்தவர் காட்டிலும் கூட இருக்கிறாரா என்று கேளுங்கள், பள்ளிக் கட்டடத்தில் இருந்தால் போதாது. தீ ஆபத்து அறிவிப்பு 2022 முதல் நாடு முழுதும் நான்கு படிகளில் வருகிறது. எந்தப் படியில் வகுப்பு ரத்து, அதை முந்தின நாள் எத்தனை மணிக்குச் சொல்வார்கள்? வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது வெறும் பாதுகாப்புக் கேள்வி மட்டுமல்ல. புற ஊதாக் குறியீடு மூன்றைத் தொட்டால் தொப்பி, களிம்பு.

கண்காணிப்பு தனி. வேலி இல்லாத இடத்தில் எல்லை எது? மரத்தில் கட்டிய துணியா, ஒரு பாறையா? ஒளிந்து விளையாடும் புதருக்குள் இருக்கும் பிள்ளையைக் காதாலாவது கேட்க முடிகிறதா? தலை எண்ணுவது புறப்படும்போதும் திரும்பும்போதும் மட்டுமா, இடையிலுமா? கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு, யார் கூட்டிப்போகிறார், அவர் போனால் மிச்சப் பிள்ளைகளுக்கு எத்தனை பேர்? 11 பேருக்கு ஒருவர் என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. காட்டுக்குப் போகும்போது கூடுதலாக ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் பல. சேர்க்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கலாம். எந்தப் பெரியவரும் மற்றவர் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு பிள்ளையோடு தனியே இருக்க நேர்கிறதா என்று கேட்கவும் தயங்காதீர்கள். நல்ல பள்ளி இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

இவற்றுக்கெல்லாம் "கவலையே படாதீங்க, இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்று பதில் வந்தால் நான் அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். "போன வருடம் ஒரு பையன் மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டில் அடிபட்டது, அதன் பிறகு அந்தக் கிளையை மட்டும் விலக்கினோம், ஏறுவதை நிறுத்தவில்லை" என்பவரிடம் என் பிள்ளையை விடுவேன்.

நிலம் யாருடையது

மெல்பர்ன் நகரின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் மூத்தகுடிகளான குலின் மக்களின் நிலம். டேர்பின் ஓடை அவர்களில் ஒரு பிரிவினரான வுருன்ஜெரி மக்களுடையது. நல்ல புஷ் கிண்டர் வகுப்பு இந்த நிலத்தின் மூத்தகுடியை வணங்கித் தொடங்கும். வாயளவில் சொல்லி முடிப்பதும் உண்டு. வித்தியாசத்தைப் பார்ப்பது எளிது: குலின் மக்கள் ஆண்டை ஏழு பருவங்களாகப் பார்க்கிறார்கள், ஐரோப்பியரின் நான்கு பருவங்கள் அங்கே சரிவரப் பொருந்துவதில்லை. வாட்டில் மரம் பூப்பதையும் விலாங்கு மீன் நகர்வதையும் வைத்து பிள்ளைகள் காலத்தைப் பேசுகிறார்களா, இல்லை இலையுதிர்காலம் என்று ஏப்ரலில் யாரோ அச்சடித்த மேப்பிள் இலைக்கு ஆரஞ்சு வண்ணம் தீட்டுகிறார்களா? மூத்தகுடிப் பெரியவர்களோடு பள்ளிக்கு உண்மையான தொடர்பு இருந்தால், அவர்கள் பெயர் ஆசிரியையின் வாயில் இயல்பாக வரும்.

நிலத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. இருபது ஜோடிக் கால்கள் வாரம் தவறாமல் மிதித்தால் மண் இறுகும், செடி முளைக்காது. சில பள்ளிகள் இடத்துக்கு ஓய்வு கொடுத்துப் பக்கத்துத் திட்டுக்கு மாறுகின்றன, புரட்டிய மரத்துண்டைப் பழையபடி வைக்கப் பழக்குகின்றன, பூங்கா ஊழியர்களோடு சேர்ந்து செடி நடுகின்றன.

யாருக்கு இடம் இருக்கிறது

மழைக்கோட்டு, நீர்புகாக் காற்சட்டை, பூட்ஸ் எல்லாம் பெற்றோரே வாங்க வேண்டுமா, பள்ளியில் இருக்குமா? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை அந்த ஓடைக்கரைக்குப் போக வழி உண்டா, இல்லை அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்வார்களா? தமிழில் மட்டும் பேசும் பிள்ளைக்கு ஆசிரியை நான்கு சொல்லாவது கற்றுவைத்துக்கொள்வாரா? தண்ணி, வலி, வேணாம், அம்மா. காட்டில் பிள்ளை விழுந்து அழும்போது இந்த நான்கும் உதவும்.

தொழில்முறையில் மதிப்பிடுபவர்களுக்குக் கருவிகள் பல. 1980-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபர்டும் வெளியிட்ட "எக்கர்ஸ்" பொதுவான மழலையர் பள்ளிகளுக்கானது. மேசை, அலமாரி, கைகழுவல் எல்லாவற்றையும் பார்க்கும். கூரையே இல்லாத வகுப்புக்கு அப்படியே பொருந்தாது. 2005-இல் வந்த "போயம்ஸ்" வெளியிடத்துக்கென்றே உருவானது. கூரையற்ற பள்ளிகளுக்கு உரிமம் தருவதற்கே அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 2021-இல்தான் நிலையான சட்டம் இயற்றியது, அந்த நாட்டில் அதுவே முதல் மாநிலம். அளவுகோல்கள் காட்டுக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை என்பதால், நேரில் போய்ப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

எந்த நாளில் போவது? பள்ளியைப் பார்க்க எல்லோரையும் அழைக்கும் "ஓப்பன் டே" அறிவிப்பு வந்தால் போய்வாருங்கள், ஆனால் அன்று எல்லோரும் சிரிப்பார்கள். முடிந்தால் ஜூலை மாதக் குளிரில், தூறும் காலையில், ஒரு வகுப்பு நடக்கும்போது போக அனுமதி கேளுங்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தால் அதில் நியாயம் இருக்கலாம். பிற பிள்ளைகள் நடுவே முன்பின் தெரியாதவரை விட முடியாது. அப்போது ஆசிரியையிடம், போன மழை நாளில் பிள்ளைகள் செய்ததில் ஏதாவது ஒன்றைச் சொல்லும்படி கேளுங்கள். கற்றல் குறிப்பேட்டில் அந்த வாரப் பக்கத்தையும் பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லலாம். பதினைந்து படத்தில் பிள்ளைகள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களா, இல்லை ஒரே படத்துக்குக் கீழே ஒரு பிள்ளை சொன்ன வாக்கியமும், அதைக் கேட்டு அடுத்த வாரத் திட்டத்தில் என்ன மாற்றினார்கள் என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.